கவனம் வேறு, யோசனை வேறு: சில்லு வைத்த வீட்டில் நான் படித்தது

எங்கள் ஊரில் ஒருவர் பயணம் வெளிக்கிட்டால் "கவனமாய்ப் போட்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்புவோம். போனவர் வரத் தாமதமானால் வீட்டில் இருப்பவரிடம் "யோசிக்காதேங்கோ" என்போம். இந்த இரண்டு சொற்களையும் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பது எனக்கு விளங்கியது நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு, இங்கிலாந்தில் ஒரு பழைய மோட்டர் ஹோமை வாங்கிய பின்னர்தான்.

மோட்டர் ஹோம் என்பது ஒரு வானின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட சிறிய வீடு. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி, கழிவறை எல்லாம் இருக்கும். ஐரோப்பாவில் விடுமுறைக்குப் போகிறவர்கள் இதை ஓட்டிச் சென்று, அதற்கென்றே உள்ள வளவுகளில் நிறுத்தித் தங்குவார்கள். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துவராது. விடுதி வாடகையும் கட்டுப்படியாகாது. அதனால் 2019 இல் பத்து வருடம் ஓடிய ஒன்றை வாங்கினோம்.

வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "இது ரக்ரர் பெட்டிக்குக் கூரை போட்ட மாதிரிக் கிடக்கு தம்பி."

அவ சொன்னதில் பிழையில்லை. 2008 இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து எங்கள் வீடு ஓர் உழவு இயந்திரப் பெட்டிதான். கூரைத் தகரம், கதவு நிலை, நெல் மூட்டை, தண்ணீர்ப் பம்பி எல்லாம் அதற்குள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, பிறகு புதுக்குடியிருப்பு. இரணைப்பாலையில் பெட்டியை விட்டோம். மாத்தளனில் அப்பாவை விட்டோம்.

முதல் இரவு

முதல் பயணம் வேல்ஸ் மலைப்பக்கம். பிள்ளைகளுக்குச் சந்தோசம். இரவு எல்லோரும் படுத்த பிறகு நான் எழுந்துபோய் காஸ் சிலிண்டரின் திறப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடியிருந்தது. வந்து படுத்தேன். கால் மணித்தியாலத்தில் மறுபடி சந்தேகம். மூடினேனா, திறந்தேனா? எழுந்து பார்த்தேன். மூன்றாவது தடவை எழுந்தபோது மகள் இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்: "அப்பா, காஸ் கசியுதோ?"

"இல்லை பிள்ளை. நீ படு."

"அப்ப ஏன் எழும்பித் திரியிறீங்கள்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவளும் அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை என்பது காலையில்தான் தெரிந்தது. அவள் இங்கிலாந்தில் பிறந்தவள். செல் கூவுகிற சத்தம் கேட்டதில்லை. இருட்டுக்குள் எதற்கோ காது கொடுத்துக்கொண்டு கிடக்கிற பழக்கத்தை அன்று என்னிடமிருந்துதான் படித்தாள். அம்மா வழக்கம்போல உடுப்புப் பையைத் தலைமாட்டில் கட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தா. அது இன்றும் அப்படித்தான்.

ஏன் பார்த்ததையே மறுபடி பார்க்கிறோம்?

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. செல் குத்துகிற சத்தத்துக்கும் அது விழுவதற்கும் இடையில் சில வினாடிகள்தான் இருக்கும். அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தவர்கள் பங்கருக்குள் இறங்கினார்கள். அந்தக் காது எங்களைக் காப்பாற்றியது. சிக்கல் என்னவென்றால், ஆபத்து முடிந்த பிறகும் உடம்பு அந்த வேலையை விடுவதில்லை. மனநல மருத்துவர்கள் இதை மிகை விழிப்பு என்கிறார்கள். போர் விட்டுச் செல்லும் மனவடுவின் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. எங்கள் சமூகத்தில் போர் ஏற்படுத்திய உளத் தாக்கங்கள் பற்றி யாழ்ப்பாணத்தின் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார்.

என் கதைக்கு நேராகப் பொருந்திய இன்னொரு விடயத்தைப் பிறகு வாசித்தேன். நெதர்லாந்தின் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை அழைத்து, கணினித் திரையில் ஒரு காஸ் அடுப்பைத் திறக்கவும் மூடவும், மூடியதைச் சரிபார்க்கவும் வைத்தார்கள். ஒரு பகுதியினர் இடையில் அதே அடுப்பையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். மற்றவர்கள் மின்குமிழ்களைச் சரிபார்த்தார்கள். கடைசியில் எல்லோரிடமும் அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்குத் தங்கள் ஞாபகம் மங்கலாக இருந்தது, அதில் நம்பிக்கையும் குறைந்திருந்தது.

இதை வாசித்தபோது வேல்ஸ் இரவு ஞாபகம் வந்தது. நான் சந்தேகத்தால் எழுந்தேன். எழுந்து எழுந்து பார்த்ததால் சந்தேகம் கூடியது. நான்காவது தடவை பார்த்திருந்தாலும் நித்திரை வந்திராது.

தராசில் தெரிந்த யோசனை

2021 கோடையில் ஸ்கொட்லாந்துக்குப் போக ஆயத்தப்படுத்தினோம். அதற்கிடையில் காஸ் குழாயின் ஒவ்வொரு பொருத்தையும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ரயரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. தவாளிப்பு நன்றாக இருக்கிறது, சட்டம் கேட்கிற 1.6 மில்லிமீற்றருக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மனைவி சொன்னதற்காகக் காற்றுப் பார்க்க ஒரு ரயர் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரப் பெரியவர் குந்தியிருந்து ரயரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். மயிர் போல வெடிப்புகள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2311. அந்த ரயர் 2011 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். பத்து வயது. மோட்டர் ஹோம் வருடத்தில் பாதி நாள் அசையாமல் நிற்கும். அதனால் தவாளிப்புத் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் மாற்றுவது நல்லது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

பிறகு அவர் கேட்டார்: "எவ்வளவு பாரம் ஏற்றுகிறாய்? நிறுத்துப் பார்த்திருக்கிறாயா?"

எவ்வளவு காற்று அடிப்பது என்பது பாரத்தைப் பொறுத்தது. ஆகவே புது ரயர்கள் போட்டுக்கொண்டு, பயணத்துக்கு ஏற்றிய சாமான்களோடும் வீட்டாட்களோடும் லொறிகள் நிறுக்கும் தராசுக்குப் போனேன். எங்கள் வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை 3,500 கிலோ. என் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் அதுதான் எல்லை. தராசு 3,660 காட்டியது.

வாகனத்தைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மனைவி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இருபது கிலோ அரிசி மூட்டை. நிறைந்த தண்ணீர்த் தாங்கிக்கு மேலதிகமாக இரண்டு இருபது லீற்றர் கான்கள். மேலதிகக் காஸ் சிலிண்டர் ஒன்று. மேலதிகப் பற்றரி ஒன்று. அடியில் ஒரு தறப்பாளும் ஒரு மண்வெட்டியும்.

"இஞ்சாருங்கோ, ஸ்கொட்லாந்திலை ஆருக்குக் கொட்டில் போடப் போறியள்?" என்று கேட்டாள். பிறகு மண்வெட்டியைக் கையில் எடுத்தவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவளும் வன்னியிலிருந்து வந்தவள்தான். மண்வெட்டி எதற்கென்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஏதாவது நடந்துவிடும் என்ற யோசனையில் நான் ஏற்றிய ஒவ்வொரு சாமானும் பத்து வயது ரயரின் மேல் போய் இருந்திருக்கிறது. அந்தப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஒரு ரயர் வெடித்திருந்தால் தறப்பாளும் அரிசியும் எங்களைக் காப்பாற்றியிராது. பிள்ளைகளைக் காப்பாற்ற என்று ஏற்றியதே அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது. தண்ணீர்த் தாங்கியில் எழுபது லீற்றரைத் திறந்துவிட்டோம். ஒரு லீற்றர் ஒரு கிலோ. மற்றவற்றையும் இறக்கி, பக்கத்தில் இருந்த நண்பர் வீட்டில் வைத்துவிட்டு வந்து மறுபடி நிறுத்தோம். 3,480.

எதைப் பார்ப்பது, எங்கே நிறுத்துவது

அதன்பிறகு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அதில் மூன்று நிரல்கள்: என்ன பார்த்தேன், எப்போது பார்த்தேன், அடுத்து எப்போது பார்க்க வேண்டும். கவனத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை உண்டு, அந்த வேலைக்கு ஒரு முடிவும் உண்டு. கொப்பியில் எழுத முடிந்தால் அது கவனம். எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் மனம் மட்டும் ஓடினால் அது யோசனை. என் கொப்பியில் உள்ளவை இவை.

காஸ்: வருடத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் ஒருவர் கசிவும் அழுத்தமும் பார்ப்பார். ரப்பர்க் குழாயில் அச்சிட்ட திகதியைப் பார்த்து மாற்றுவார். இந்த எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் தரையில் துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். எங்கள் வாகனத்தில் குளிர் வருகிறது என்று அம்மா அவற்றைப் பழைய சேலைத் துண்டால் அடைத்து வைத்திருந்தா. அதுவும் ஒரு பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான். காரணத்தைச் சொன்னதும் எடுத்துவிட்டா. வாகனம் ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுவேன்.

காபன் மொனொக்சைட்டு: காஸ் சரியாக எரியாவிட்டால் வரும் நச்சு வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கை நம்பி விழித்திருந்து பயனில்லை. தலையிடி, குமட்டல், தலைச்சுற்று வரும். நித்திரையில் இருப்பவர் எழும்பாமலே போகக்கூடும். அதற்கு ஒரே காவல் எச்சரிக்கை மணிதான். பயண வாகனங்களுக்கென்று ஈஎன் 50291-2 என்ற தரத்தில் தனியாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதன் பொத்தானை அமத்திப் பார்க்கிறேன். குளிருக்கு அடுப்பை மூட்டி உள்ளே சூடாக்குவதில்லை. கரி அடுப்பை, அணைந்த பிறகும்கூட, உள்ளே கொண்டுவருவதில்லை.

ரயர்: மாதம் ஒருமுறை, பயணத்துக்கு முன் ஒருமுறை, வாகனம் ஓடிச் சூடாவதற்கு முன் காற்றுப் பார்க்க வேண்டும். வயதை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சில்லுக் கழற்றிப் பூட்டினால் ஐம்பது மைலுக்குள் சுரைகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வாகனப் பரிசோதனை: பிரித்தானியாவில் மூன்று வயது கடந்த வாகனத்துக்கு வருடாந்தச் சோதனை கட்டாயம். ஒரு வருடம் என்ன குறை சொல்வார்களோ என்ற பயத்தில் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டேன். யோசனை இப்படியும் வேலை செய்யும்: பார்த்ததையே பார்க்க வைக்கும், பார்க்க வேண்டியதைப் பார்க்க விடாது. இன்னொன்று, அந்தச் சோதனை பிறேக், விளக்கு, ஸ்ரியரிங் போன்ற ஓட்டப் பகுதிக்குத்தான். காஸையும் வீட்டுப் பகுதியையும் அது பார்க்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

ஈரம்: மோட்டர் ஹோமை மெல்லக் கொல்வது மழைத் தண்ணீர். யன்னல் ஓரத்தாலும் கூரைப் பொருத்தாலும் சுவருக்குள் இறங்கி மரத்தை உக்க வைக்கும். சிறிய ஈரமானி வாங்கலாம். பொதுவாக 15 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நல்லது. 20 ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை போதும். குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் உள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். உறைந்தால் குழாய் வெடிக்கும்.

பற்றரி: ஓய்வில் 12.7 வோல்ற் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே போகவிடாமல் சார்ஜ் செய்தால் நீண்டகாலம் உழைக்கும்.

இவ்வளவுதான். இதற்கு மேலும் வாகனம் பழுதாகலாம். அதற்கு வீதி உதவிச் சேவை இருக்கிறது. அந்த இலக்கம் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இரவில் சிலிண்டரை மூடும்போது இப்போது கையைத் திறப்பில் வைத்து "மூடியாச்சு" என்று வாயால் சொல்கிறேன். கொப்பியில் நேரத்தை எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் எழுந்து சிலிண்டரிடம் போவதில்லை, கொப்பியைப் பார்க்கிறேன். முதல் சில இரவுகள் கஷ்டமாக இருந்தது. எழும்பாமல் கிடக்க நெஞ்சு அடித்தது. கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கியது.

ஊரில் அடுப்படியில்

2021 நவம்பர், டிசம்பரில் இலங்கையில் காஸ் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்த செய்திகள் நாளாந்தம் வந்தன. சிலிண்டரில் நிரப்பும் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் பெரும் சர்ச்சையானது. கிளிநொச்சியிலிருந்து தங்கச்சி எடுத்தாள். சிலிண்டரைக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு விறகில் சமைக்கிறாளாம். "அண்ணா, அடுப்படிக்குள்ளை போகவே கை நடுங்குது. சமைக்கேக்கை பிள்ளையளை முத்தத்திலை விட்டிட்டுத்தான் போறன்."

"யோசிக்காதை" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. சிலிண்டருக்குள் என்ன நிரப்புகிறார்கள் என்பது அவளுடைய கையில் இல்லை. அதைக் கேட்பது நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது. அவளுடைய கையில் இருந்தவற்றைச் சொன்னேன். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். குழாயில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். புதுச் சிலிண்டர் பூட்டும்போது இணைப்புகளில் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக் குச்சியால் ஒருபோதும் பார்க்கக்கூடாது. மணம் வந்தால் சிலிண்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போக வேண்டும். லைற் ஆழியில் கை வைக்கக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

"இதைச் செய்தால் பயம் போயிடுமோ?" என்று கேட்டாள்.

போகாது என்று சொன்னேன். ஆனால் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டோம் என்பது தெரியும். அவள் விறகில்தான் இன்னும் கொஞ்சக் காலம் சமைத்தாள். அதிலும் தவறில்லை.

கொப்பியும் நுரையும் எல்லோருக்கும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் நித்திரை இல்லாமல், பூட்டையும் அடுப்பையும் பார்ப்பதிலேயே நாள் போகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். நானும் போனேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலங்கையில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பெரிய வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகளும் உண்டு.

அப்பாவின் சுற்று

இடம்பெயர்ந்த நாட்களில் அப்பா உழவு இயந்திரத்தை எங்கே நிறுத்தினாலும் ஒருமுறை சுற்றி வருவார். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோவார். சூடு கூடுதலாக இருந்தால் பெயரிங் பிடிக்கிறது என்று பொருள். ரயரைக் காலால் ஒரு தட்டு. கொளுக்கியை ஓர் ஆட்டு. பிறகு "சரி" என்பார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். மரத்தடியில் துவாயை விரித்து, செல் தூரத்தில் விழுந்துகொண்டிருந்தாலும், பத்து நிமிடம் நித்திரை கொள்வார். அந்த நேரம் அவருக்கு எப்படி நித்திரை வருகிறது என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

அப்பாவுக்கும் பயம் இருந்திருக்கும். பார்க்க முடிந்ததைப் பார்த்து முடித்தவருக்கு, பார்க்க முடியாததைக் கொஞ்ச நேரம் விட்டுவைக்கத் தெரிந்திருந்தது. அவருடைய கவனத்தில் பிழை இருந்ததால் நாங்கள் அவரை இழக்கவில்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. இன்னும் கவனமாக இருந்திருந்தால், ஒருநாள் முந்தி வெளிக்கிட்டிருந்தால் என்று எத்தனையோ இரவுகள் கணக்குப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கைக் கொப்பியில் எழுத முடியாது.

சென்ற கோடையிலும் ஸ்கொட்லாந்து போனோம். வழியில் நிறுத்திய இடத்தில் நான் இறங்கி வாகனத்தை ஒருமுறை சுற்றி வந்தேன். நான்கு சில்லுக்கும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனேன். மகள் யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, சரியோ?"

"சரி."

அவள் யன்னலை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அம்மாவின் பை தலைமாட்டில்தான் இருந்தது. அதன் நிறையையும் சேர்த்துத்தான் இப்போது கணக்கு வைத்திருக்கிறேன். நான்கு கிலோ.